வேலைக்காக அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானம் என்றால் இன்னும் பயமா?

கேள்வி கேட்டிருப்பவர் இங்கே சிங்கப்பூரில் படித்து முடித்து, எண்ணெய் எரிவாயுத் துறைக்குக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் இளம்பெண். அடுத்த மாதத்திலிருந்து ஜகார்த்தா, மும்பை, ஹூஸ்டன் என்று போய்வர வேண்டுமாம். "2001க்கு முன்னால் பறந்தது வேறு, இப்போது பறப்பது வேறு" என்று அலுவலகத்து மூத்தவர்கள் அடிக்கடி சொல்கிறார்களாம். அவர்களுக்கு இருப்பது பயமா, எரிச்சலா, இத்தனை சோதனைகளும் மனத்துக்குத் தெம்பு தருகின்றனவா என்று கேட்கிறார். வீட்டில் அம்மா தினமும் ஏதாவது ஒரு பழைய குண்டுவெடிப்பை நினைவுபடுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் 1996 முதல் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்கு உதிரிபாகம் விற்று வந்தவன். மாதத்தில் பத்து நாளாவது வெளியூரில் இருப்பேன். பிற்பாடு எங்கள் ஆட்களின் பயண ஏற்பாடுகளும் என் பொறுப்புக்கு வந்தன. எந்த ஊரில் எங்கே தங்குவது, எப்போது போகாமல் இருப்பது நல்லது என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்வேன். என் மனத்தில் நடந்தது எனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "இந்த முறை வேறு யாரையாவது அனுப்ப முடியுமா" என்று மெதுவாகக் கேட்டவர்களின் முகமும் தெரியும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தைப் பற்றிய பயம் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் போய்விட்டது. போகாமல் தங்கிவிட்டது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

2001 செப்டம்பர் 11 ஒரு செவ்வாய்க்கிழமை. நியூயார்க்குக்கும் நமக்கும் அந்த மாதத்தில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முதல் விமானம் கோபுரத்தில் மோதியபோது அங்கே காலை 8.46, இங்கே இரவு 8.46. அங் மோ கியோ வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது விமானம் மோதியதை நேரலையில் பார்த்தோம். பத்து நாளில் ஹூஸ்டன் போக என் டிக்கெட் மேசைமேல் இருந்தது. அந்தக் காலத்துக் காகித டிக்கெட். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்தப் பயணம் நவம்பருக்குத் தள்ளிப்போனது. அந்த விமானம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பாதி இருக்கைகள் காலி. யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் எழுந்து முன்பக்கக் கழிவறைக்கு நடந்தால் இருபது தலைகள் நிமிரும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தலைகள் குனியும். உணவுத் தட்டில் உலோகக் கத்திக்குப் பதில் பிளாஸ்டிக் கத்தி. அந்தப் பயணத்தில் எனக்கு நிஜமாகவே பயம் இருந்தது. அடுத்த பயணத்தில் பாதிதான் இருந்தது. ஆறு மாதத்தில் பழையபடி இருக்கை வாரை மாட்டியதும் தூங்க ஆரம்பித்துவிட்டேன். இதில் தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால், உடம்பு தானாகவே பயத்தை விட்டுவிடும். அடிக்கடி பறப்பவர்கள் சீக்கிரம் தேறியதற்கு இதுதான் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயம் பல ஆண்டுகள் நீடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

பயந்தவர்கள் செய்த தேர்வு எப்போதும் பாதுகாப்பானதாக இருந்ததில்லை. அமெரிக்காவில் அந்தத் தாக்குதலுக்குப் பிறகு நிறைய பேர் விமானத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போனார்கள். அடுத்த 12 மாதங்களில் அதனால் மட்டும் ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்தில் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியல் அறிஞர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். எங்கள் அலுவலகத்திலும் இரண்டு பேர் கோலாலம்பூருக்குக் காரில் போகத் தொடங்கினார்கள். இரவு இரண்டு மணிக்கு யோங் பெங் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதை அவர்களே பிறகு சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது அமெரிக்கச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991 மார்ச் 26 அன்று கோலாலம்பூரிலிருந்து சாங்கிக்கு வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 117 விமானத்தை நான்கு பேர் கடத்தினார்கள். மறுநாள் விடியற்காலையில் நம் அதிரடிப் படையினர் உள்ளே புகுந்து அரை நிமிடத்தில் கடத்தல்காரர்கள் நால்வரையும் சுட்டு வீழ்த்தினார்கள். பயணிகள் உயிரோடு மீண்டார்கள். என் தலைமுறைக்கு அந்த இரவு நன்றாக நினைவிருக்கும். பிறகு 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் ஆட்கள் இங்கே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டார்கள். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் அவர்கள் குறியில் இருந்தன. ஒரு விமானத்தைக் கடத்திச் சாங்கியிலேயே மோதும் திட்டமும் அந்தக் கூட்டத்தின் தலைவன் மாஸ் செலாமாட்டிடம் இருந்தது என்று பிறகு தெரியவந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் அலுவலகத்தில் யாரும் வேறெதுவும் பேசவில்லை. துப்பாக்கி ஏந்திய வீரர்கள் சாங்கி முனையங்களில் மெதுவாக நடந்துபோவதை முதலில் பார்த்தபோது பலருக்குக் கலக்கமாக இருந்தது. இன்று அவர்களைக் கடந்துதான் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்க மூன்றாம் முனையத்துக்குப் போகிறார்கள்.

அடிக்கடி பயணம் செய்கிறவர்களிடம் மனம்விட்டுப் பேசினால், அவர்கள் விமானத்தைவிட ஹோட்டலுக்குத்தான் அதிகம் பயந்தது தெரியும். வெளியில் இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 2003 ஆகஸ்டில் ஜகார்த்தா மேரியட்டில் குண்டு வெடித்தது. அங்கே தங்காத வியாபாரப் பயணி அப்போது குறைவு. 2008 நவம்பரில் மும்பையின் தாஜும் ஓபராயும். ஒரு நாள் வேலையாக மும்பைக்குப் போயிருந்த இளம் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவர் ஓபராயில் கொல்லப்பட்டார். பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்த முதல் சிங்கப்பூரர் அவர். அந்தச் செய்தி எங்களைப் போன்றவர்களை உலுக்கியதுபோல் வேறெதுவும் உலுக்கவில்லை. இரட்டைக் கோபுரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், ஆனால் இவர் நாங்கள் செய்யும் அதே பயணத்தைச் செய்தவர். ஒரு சின்னப் பெட்டி, ஒரு கூட்டம், மறுநாள் திரும்பும் விமானம், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு ஜூலை 17 காலை ஜகார்த்தாவில் மேரியட்டும் பக்கத்து ரிட்ஸ் கார்ல்டனும். மேரியட்டில் குண்டு வெடித்த இடம், வெளிநாட்டு நிறுவன அதிகாரிகள் காலை உணவோடு கூட்டம் நடத்திக்கொண்டிருந்த அறை. 2003க்குப் பிறகு அந்த ஹோட்டல்களின் வாசலில் வண்டிக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பார்கள், பெட்டியை எக்ஸ்ரேயில் விடுவார்கள். நாமும் நம்பி உள்ளே போவோம். குண்டு வைத்தவனோ சில நாள் முன்னதாகவே விருந்தினனாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஷங்ரி லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி. அங்கேயும் காலை உணவு நேரம்தான். இப்போதும் என்னோடு பயணம் செய்யும் மூத்தவர்கள் சிலர் காலை உணவுக் கூடத்தின் நடுவில் உட்கார மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பார்கள். நான் ஆட்களை அனுப்பும்போது மூன்றாவது மாடிக்கு மேல், ஆறாவது மாடிக்குக் கீழ், வாசல் பக்கம் பார்க்காத அறையாகக் கேட்டு வாங்குவேன். தெருவிலிருந்து நேராக ஏறிவர முடியாத உயரம், தீயணைப்பு ஏணி எட்டும் உயரம் அது.

இனி விமான நிலையச் சோதனைக்கு வருவோம்.

அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு விதியும் நடந்துபோன ஏதோ ஒரு சம்பவத்துக்குக் கிடைத்த பதில். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன் காலணிக்குள் இருந்த வெடிமருந்தைப் பற்றவைக்கப் பார்த்தான். அதிலிருந்து அமெரிக்காவில் காலணியைக் கழற்றச் சொல்லும் வழக்கம் வந்தது, 2025 ஜூலையில்தான் அதை விட்டார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்டவர்கள் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்து கொண்டுபோய் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 100 மில்லி லிட்டர் விதி அதனால் வந்தது, 2007ல் சாங்கிக்கும் வந்துசேர்ந்தது. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு உடம்பு முழுவதையும் காட்டும் ஸ்கேனர்கள் பெருகின. 2016 பிப்ரவரியில் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் மடிக்கணினிக்குள் வைத்த குண்டு வெடித்தது. 2017 மார்ச்சில் துபாய், தோஹா உள்ளிட்ட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் மடிக்கணினியைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். சில மாதங்களில் நீக்கினார்கள் என்றாலும், அந்த மாதங்களில் துபாய் வழியாகப் போன எங்கள் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பதினான்கு மணி நேரம் வேலை செய்ய முடியாது என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளரின் வரைபடங்கள் உள்ள கணினியைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டு, அது யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே பறந்ததுதான் வேதனை.

எரிச்சல் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் குப்பைக்குப் போனபோது வருத்தமாக இருந்தது, கோபம் வரவில்லை. விதி தெரிந்ததுதான், தப்பு நம்முடையது. ஓர் ஊரில் மடிக்கணினியை எடுக்கச் சொல்வார்கள், அடுத்த ஊரில் எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பார்கள். ஓரிடத்தில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், இன்னோரிடத்தில் வேண்டாம். கோபம் வந்தது இந்த மாதிரி இடங்களில்தான். காரணம் புரியாத விதியைக் கடைப்பிடிக்கும்போது ஆட்டை மேய்க்கிற மாதிரி நம்மை ஓட்டுகிறார்கள் என்று தோன்றும். காரணம் தெரிந்துவிட்டால் அதே சோதனை பாதிக் கனம்தான்.

இதனால் நிஜமாகப் பாதுகாப்பு கூடியதா? கூடியது என்றே நினைக்கிறேன், ஆனால் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அல்ல. அமெரிக்க அரசின் சொந்த ஆட்களே மாறுவேடத்தில் போலிக் குண்டும் ஆயுதமும் கொண்டுபோய்ச் சோதித்ததில் 70 முறையில் 67 முறை பிடிபடவில்லை என்ற செய்தி 2015ல் வெளியாகி ஊரெல்லாம் பேச்சானது. கண்ணில் படும் சோதனைகளில் பல நாடகமே என்று சொல்லிவரும் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர், 2001க்குப் பிறகு உண்மையில் பயன்பட்டவை இரண்டுதான் என்பார். ஒன்று, விமானி அறைக் கதவைப் பலப்படுத்தியது. இன்னொன்று, எதிர்த்து நிற்க வேண்டும் என்று பயணிகள் புரிந்துகொண்டது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 2001க்கு முன்னால் விமானம் கடத்தப்பட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள், பேச்சுவார்த்தை நடக்கும் என்பதுதான் பாடம். 1999 டிசம்பரில் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட இந்திய விமானத்தில் ஒரு வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்று யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். காலணிக் குண்டுக்காரனையும் உள்ளாடைக் குண்டுக்காரனையும் மடக்கிப் பிடித்தவர்கள் பக்கத்தில் இருந்த பயணிகளும் ஊழியர்களும்தான். நம் விமானங்களில் சாதாரண உடையில் ஆயுதக் காவலர்களும் பறக்கிறார்கள். யார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அந்தப் பலமான கதவுக்கும் ஒரு விலை உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானி வெளியே போன நேரத்தில் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் பூட்டும் ஒரு பக்கத்து ஆபத்தைத்தான் தடுக்கும் என்பது அன்றைக்கு உறைத்தது.

சரி, முதலில் சொன்ன அந்த "வேறொன்று".

எங்களோடு வேலை பார்த்த ஒரு மூத்தவரை எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், தமிழ் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தேசிய சேவை முடித்தவர், பூர்வீகம் கீழக்கரை. பெயரில் முகமது உண்டு. 2002லிருந்து அமெரிக்கா போகும்போதெல்லாம் அவருடைய போர்டிங் பாஸில் நான்கு எஸ் எழுத்துகள் அச்சாகி வரும். கூடுதல் சோதனைக்குத் தேர்வானவர் என்று அதற்கு அர்த்தம். எங்களோடு வரிசையில் நிற்பவரைத் தனியே கூப்பிட்டுப் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பார்கள், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், கேட்ட கேள்வியையே வேறு மாதிரி திரும்பக் கேட்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் நின்று காத்திருப்போம். கொஞ்ச காலத்தில் அவர் எங்களோடு ஒரே விமானத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். வேறு வேலை இருக்கிறது, ஒருநாள் முன்னதாகப் போகிறேன் என்பார். பயண ஏற்பாடு என் கைக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "குண்டுக்குப் பயமில்ல தம்பி. என்னைத் தனியா கூப்பிடுறப்ப எனக்குப் பின்னாடி நிக்கிறவன் ஓரடி தள்ளி நிக்கிறான் பாரு, அதான். அத நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் தனியா போனேன்."

அத்தனை ஆண்டுகள் அவரோடு பயணம் செய்தும் நான் அதைக் கேட்காமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

அவர் ஒருவர் கதை அல்ல இது. அப்துல் கலாமை நினைத்துப் பாருங்கள். இராமேஸ்வரத்தில் பிறந்து இந்தியாவின் குடியரசுத் தலைவராக இருந்தவர். 2009ல் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அவரைச் சோதனை செய்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு அந்தச் சோதனை கிடையாது என்ற விதி இருந்தும் நடந்தது. 2011ல் நியூயார்க்கில் அவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கோட்டையும் காலணியையும் வாங்கிக்கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் அதைப் பெரிதாக்கவில்லை. ஆனால் கலாமுக்கே இப்படி என்றால் எனக்கு என்ன என்று காக்கா சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை. 2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கரை மிசிசிப்பியில் தனியே அழைத்து உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். அவர் சேலை கட்டியிருந்ததுதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் அதைப் படித்த பிறகு பயணத்துக்குச் சேலை கட்டுவதையே விட்டுவிட்டார். தாலிக்கொடியைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்களோ என்ற கவலை அவருக்குத் தனியாக இருந்தது. வெறும் நகையாக இருந்தால் கழற்றியிருப்பார்.

எனவே உங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் "எல்லாம் மாறிவிட்டது" என்று சொல்லும்போது பெரும்பாலும் குண்டைப் பற்றிச் சொல்லவில்லை. முன்பு விமான நிலையத்துக்குள் நுழைந்தால் நாம் வாடிக்கையாளர். பிறகு சந்தேகத்துக்குரியவராக நுழைந்து, இல்லை என்று நிரூபித்துவிட்டு வாடிக்கையாளராக வெளியே வருகிறோம். அந்த மாற்றம் நெஞ்சில் தங்கிவிட்டது. சோதனை கடுமையாக இருப்பதால் யாருக்கும் வலிப்பதில்லை. எனக்கு முன்னால் நிற்பவருக்கும் எனக்கும் ஒரே சோதனை, அதைச் செய்பவர் முகம் பார்த்துப் பேசுகிறார் என்றால், அரை மணி நேரம் ஆனாலும் மனம் லேசாகத்தான் இருக்கும். ஆளைப் பார்த்து, பெயரைப் பார்த்து ஒருவரை மட்டும் இழுத்தால் ஐந்து நிமிடமே போதும், அந்த நாள் முழுக்கக் கெட்டுவிடும். இழுக்கப்படாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு உணர்வு வருவதில்லை. எனக்கு வந்ததில்லை.

சாங்கியில் எனக்கு நிம்மதி தருவது இதுதான். முதல் மூன்று முனையங்களில் பொருள் சோதனை அந்தந்த விமானத்தின் வாயிலில் நடக்கிறது. ஒரு விமானத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. 2016ல் பிரஸ்ஸல்ஸிலும் இஸ்தான்புல்லிலும் தாக்கியவர்கள் சோதனைக்கு முன்னால் திரண்டு நிற்கும் கூட்டத்தைக் குறிவைத்தார்கள். கூட்டம் பல வாயில்களுக்குப் பிரிந்துபோவதில் அந்த வகையில் ஒரு நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றும். 2017ல் திறந்த நான்காம் முனையத்தில் சோதனை ஒரே இடத்தில், ஆனால் அங்கே உள்ள இயந்திரம் பெட்டியைச் சுற்றிலும் படம் எடுப்பதால் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டாம். வாயிலில் சில சமயம் தமிழ் அதிகாரி இருப்பார். "அண்ணே, பெல்ட்ட மட்டும் கழட்டிருங்க" என்பார். அந்த ஒரு "அண்ணே" போதும், எல்லாம் இலகுவாகிவிடும். திரும்பி வரும்போது குடிநுழைவுத் தானியங்கி வாயிலில் பெயரை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. கதவு திறக்கும், நடந்துவிடலாம். காக்கா அந்தக் கதவைத் தாண்டியதும் எப்போதும் ஒரு பெருமூச்சு விடுவார்.

சென்னையில் நிலைமை வேறு. முனையத்துக்குள் நுழையவே டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும், உள்ளே ஒவ்வொருவரையும் தனித்தனியே மேடையில் ஏற்றிக் கையால் கருவி வைத்துப் பார்ப்பார்கள், பெண்களுக்குத் திரை மறைவு உண்டு. நேரம் ஆகும். ஆனால் அமைச்சரின் மைத்துனரைத் தவிர எல்லாருக்கும் அது நடப்பதால் எங்கள் ஆட்களிடம் அதைப் பற்றிப் புண்பட்ட பேச்சை நான் கேட்டதில்லை.

உங்களுக்கு உதவக்கூடிய சில நடைமுறை விஷயங்கள். கடப்பிதழில் உங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், இன்னாரின் மகள் என்று காட்ட, டி ஓ என்று சாய்கோட்டோடு இருக்கும் அல்லவா, விமான நிறுவனங்களின் கணினி அந்தக் கோட்டை ஏற்காமல் எல்லாவற்றையும் ஒட்டி எழுதிவிடும். பயப்பட வேண்டாம், ஆனால் டிக்கெட்டிலும் விசாவிலும் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள், அலுவலகத்து ஆளிடம் விடாதீர்கள். அமெரிக்காவுக்கு அடிக்கடி போவதாக இருந்தால், முன்கூட்டியே விவரம் கொடுத்துச் சோதனையை எளிதாக்கும் குளோபல் என்ட்ரி திட்டத்தில் சிங்கப்பூர்க் குடிமக்களும் சேரலாம். ஒவ்வொரு முறையும் தனியே இழுக்கப்பட்டால், பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் மனுக் கொடுக்கும் வழி 2007 முதல் இருக்கிறது. காக்கா அதைச் செய்தார், அதற்குப் பிறகு நான்கு எஸ் குறைந்தது. வரிசையில் விளையாட்டுக்குக்கூடக் குண்டு என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். பொய் மிரட்டலுக்கு இங்கே 500,000 வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை.

அந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு 2024 அக்டோபர் 15 இரவு ஒன்றே போதும். மதுரையிலிருந்து சாங்கிக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் குண்டு என்று மிரட்டல் வந்தது. நம் ஆகாயப் படையின் இரண்டு எஃப்-15 விமானங்கள் கிளம்பி, அதைக் குடியிருப்புகளுக்கு மேல் பறக்கவிடாமல் சுற்றி அழைத்துவந்தன. இரவு பத்து மணிக்குப் பத்திரமாக இறங்கியது. அந்த விமானத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய மாமியார் இருந்தார். அவரோ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், இறங்கிய பிறகுதான் விவரமே தெரியும். வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

உங்கள் அம்மாவின் பயத்தை அதனால்தான் நான் குறைவாக நினைக்க மாட்டேன். பறக்கிறவருக்கு ஒவ்வொரு பயணமும் பயத்தைத் தேய்க்கிறது. வீட்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பயப்படுகிறார். புள்ளிவிவரம் சொல்லி அவரை மாற்ற முடியாது, என் மனைவியிடம் முயன்று பார்த்திருக்கிறேன். முதல் பயணத்துக்கு அம்மாவையும் சாங்கிக்கு அழைத்துப் போங்கள். இங்கே டிக்கெட் இல்லாதவரும் புறப்பாட்டுக் கூடம்வரை வரலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ஒரு காப்பி வாங்கிக்கொடுத்து உட்கார வையுங்கள். அந்த வீரர்கள் நடப்பதையும், பிள்ளைகள் தூங்குவதையும், அவரைப் போன்ற நூறு அம்மாக்கள் கையசைப்பதையும் அவர் பார்க்கட்டும். எந்த ஹோட்டல், எந்த மாடி, எப்போது திரும்புகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இறங்கியதும், பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நான் இன்றைக்கும் கோலாலம்பூருக்குப் போனால்கூட அனுப்புகிறேன். ஒரு மணி நேரப் பயணம்தான். மறுநிமிடமே மனைவியிடமிருந்து "சரி" என்று பதில் வந்துவிடும்.